முத்துலட்சுமி ரெட்டி: தங்கையைப் புற்றுநோயில் இழந்த புதுக்கோட்டை டாக்டரும், ஐந்து நாளாகச் சுருங்கிய ‘கரண்ட்’ சிகிச்சையும்

கர்ப்பிணிகளுக்கான அரசு நிதியுதவிக்கு விண்ணப்பித்த எல்லோருக்கும் இந்தப் பெயர் தெரியும்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் யார் என்று கேட்டால், முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர், தேவதாசி முறையை எதிர்த்தவர் என்று இரண்டு வரி வரும். டிஎன்பிஎஸ்சிக்குப் படித்தவராக இருந்தால் ஆண்டையும் சேர்த்துச் சொல்வார்.

அந்த இரண்டு வரியில் வராத ஒரு பாதி அவர் வாழ்க்கையில் இருக்கு. பொன்மலையிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு வீட்டில் அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிகிறது. ஆபரேஷன் முடிகிறது. அடுத்து ‘கரண்ட்’ வைக்கணும் என்று டாக்டர் சொல்கிறார். உடனே வீட்டில் எழும் கேள்விகள் இரண்டு: எத்தனை நாள்? எங்கே போய்த் தங்குவது? முத்துலட்சுமியின் வாழ்க்கையில் நமக்கு அதிகம் தெரியாத பாதி, இந்தக் கேள்விகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது.

ஊர்ப் பேச்சில் ‘கரண்ட்’ என்பது கதிர்வீச்சு சிகிச்சை, அதாவது ரேடியேஷன். பெயர்தான் கரண்ட், உடம்பில் மின்சாரம் எதுவும் பாய்வதில்லை. இந்தப் பெயரைக் கேட்டே பயந்துபோகிறவர்கள் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுவோம்.

திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தவர்

முத்துலட்சுமி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டையில். அது அப்போது தொண்டைமான் மன்னர்களின் சமஸ்தானம். 1948-ல் இந்தியாவோடு இணைந்ததும் திருச்சி மாவட்டத்துக்குள் வந்தது. 1974-ல்தான் தனி மாவட்டம் ஆனது. அந்தக் கணக்கில் பார்த்தால், அடையாறில் அவர் மருத்துவமனை கட்டிக்கொண்டிருந்த ஆண்டுகளில் அவருடைய சொந்த ஊர் திருச்சி மாவட்டத்து ஊர்.

அப்பா நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். இந்தத் திருமணத்தால் அப்பாவின் உறவுகள் விலகிப்போயின. ஊர் பேசிய பேச்சைக் கேட்டு வளர்ந்த குழந்தை, பின்னாளில் சட்டமன்றத்தில் எதைப் பேசினார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டிலேயே படித்து மெட்ரிகுலேஷன் தேறினார். கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு கிளம்பியது. பையன்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்பது ஒரு பக்கம், அவருடைய அம்மாவின் பிறப்பு இன்னொரு பக்கம். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார். மூடிய வண்டியில் போய், வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. ஆஸ்துமா, கண்பார்வைக் குறைவு இரண்டும் இருந்தன.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். புதுக்கோட்டைக்கு அப்போது ரயிலே கிடையாது. திருச்சியிலிருந்து தண்டவாளம் அங்கே போய்ச் சேர்ந்தது 1929-ல். 1912-ல் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். அறுவை சிகிச்சைப் பாடத்தில் முதலிடம். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் அவர்தான். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே வரக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் சம்மதித்தார். இன்றைய மேட்ரிமோனி தளங்களில்கூட இவ்வளவு தெளிவாக எழுதுகிறவர்கள் குறைவு.

வயிற்றுக்கடுப்பு என்று நினைத்த நோய்

1920-களின் முதல் பாதியில் முத்துலட்சுமியின் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. முதலில் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் நடந்தது. அது மலக்குடல் புற்றுநோய் என்று தெரிய வந்தபோது காலம் கடந்திருந்தது. வீட்டிலேயே ஒரு டாக்டர், அதுவும் அறுவை சிகிச்சையில் முதலிடம் வாங்கியவர் இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

அன்று தமிழ்நாட்டில் புற்றுநோய் என்றால் இதுதான் நிலைமை. தனி வார்டு கிடையாது, தனிப் படிப்பு கிடையாது. கண்டுபிடிப்பது தாமதம், கண்டுபிடித்த பிறகு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மார்பகக் கட்டி என்றால் இன்னும் மோசம். ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சப்பட்டு, வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லாமல், புண்ணாகும்வரை சேலைக்குள் மறைத்து வைத்திருந்த பெண்கள் எத்தனையோ பேர். இன்றைக்கும் அப்படி வருகிறவர்களை அரசு மருத்துவமனை ஓபியில் பார்க்கலாம்.

1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக லண்டன் போனார். அந்த நகரத்தில் புற்றுநோய்க்கென்றே ஒரு மருத்துவமனை 1851-லேயே தொடங்கப்பட்டிருந்தது. இன்று ராயல் மார்ஸ்டன் என்று அழைக்கப்படுவது அதுதான். அதே காலத்தில் லண்டனின் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையில் ஜெஃப்ரி கெய்ன்ஸ் என்ற சர்ஜன் ஒரு துணிச்சலான வேலையில் இறங்கியிருந்தார். பொருளாதார மேதை கெய்ன்ஸின் தம்பி இவர். மார்பகப் புற்றுநோய் என்றாலே மார்பு, அதன் கீழுள்ள தசை, அக்குள் நெறிகள் எல்லாவற்றையும் மொத்தமாக வெட்டி எடுப்பதுதான் அன்றைய நடைமுறை. கெய்ன்ஸோ ரேடியம் அடைத்த ஊசிகளைக் கட்டி இருக்கும் இடத்தில் குத்தி வைத்து, மார்பை எடுக்காமலே பல பெண்களுக்கு வைத்தியம் பார்த்தார். சக சர்ஜன்கள் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி என்று உலகம் ஏற்றுக்கொள்ள இன்னும் 50 ஆண்டுக்கு மேல் ஆனது.

நடுவில் ஓடிய அரசியல்

ஊர் திரும்பியதும் முத்துலட்சுமியின் வாழ்க்கை வேறு தடத்தில் ஓடியது. சென்னை மாகாண சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவிலேயே சட்டமன்றத்துக்குப் போன முதல் பெண். அவையின் துணைத் தலைவராகவும் ஆனார். கோயிலுக்குப் பெண் குழந்தைகளைப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுக்கப் போராடினார். காந்தி கைதானதைக் கண்டித்து 1930-ல் பதவியைத் தூக்கிப் போட்டார். போக்கிடம் இல்லாமல் தன் வீட்டு வாசலுக்கு வந்த தேவதாசிக் குடும்பத்துச் சிறுமிகளுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். தேவதாசி முறையை முழுதாக ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. இதையெல்லாம் விரிவாக எழுதிய புத்தகங்கள் நிறைய இருப்பதால், நாம் தங்கையின் கதைக்கே திரும்புவோம்.

1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. புற்றுநோய்க்குத் தனி மருத்துவமனை வேண்டும் என்று அங்கே முத்துலட்சுமி பேசினார். அதற்கு முந்தைய ஆண்டுதான் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பர்னார்டு ரேடியாலஜி நிலையம் திறந்திருந்தது. ஆக, நகரத்தில் கதிர்வீச்சுக் கருவி வந்துவிட்டது. நோயாளியை முழுதாகப் பார்த்துக்கொள்ளும் இடம்தான் இல்லை. கட்டியை எடுப்பது ஒரு இடம், கதிர் வைப்பது ஒரு இடம், தங்குவது சொந்தக்காரர் வீடு என்றால், வெளியூர்க்காரர்கள் பாதியிலேயே ஊருக்குத் திரும்பிவிடுவார்கள்.

பேசியதற்கு உடனே பலன் எதுவும் இல்லை. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1941-ல் வந்துவிட்டது. சென்னையில் அசைவே இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகும் அரசு மட்டத்தில் நிலவிய எண்ணம் இதுதான்: புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் பிழைக்கப்போவதில்லை, அவர்களுக்காக எதற்குத் தனியாகச் செலவு? கேட்க மனசு கனக்கும். ஆனால் காசநோயும் காலராவும் பிரசவ மரணமும் தலைவிரித்தாடிய காலத்தில், பட்ஜெட் போடுகிறவர்கள் அப்படி யோசித்ததில் ஆச்சரியம் இல்லை. முத்துலட்சுமியின் கணக்கு வேறு. அவர்கள் சாவதே வைத்தியம் கிடைக்காததால்தானே, வைத்தியம் கொடுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பேசுவோமே என்பது அவர் வாதம்.

67 வயதில் 12 படுக்கை

விமன்ஸ் இந்தியன் அசோசியேஷன் மூலம் பணம் திரட்டத் தொடங்கினார். வீடு வீடாக, சங்கம் சங்கமாக நிதி கேட்டார்கள். டாக்டரான மகன் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்தார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறந்தது. 12 படுக்கைகள், விரல்விட்டு எண்ணக்கூடிய டாக்டர்கள், நர்ஸ்கள். பெரிய கட்டடம் என்று எதுவும் இல்லை. அப்போது முத்துலட்சுமிக்கு வயது 67. அடுத்த ஆண்டு, அரசு வேலையை விட்டுவிட்டு சாந்தா என்ற இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். 2021-ல் இறக்கும்வரை அவர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

மருத்துவமனை திறந்த மூன்று ஆண்டு வாக்கிலேயே அங்கே கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. கனடாவில் 1951-ல்தான் உலகின் முதல் நோயாளிகளுக்கு இந்தச் சிகிச்சை கொடுக்கப்பட்டது. அதை ஒரு குடிசை மாதிரி இடத்தில் தொடங்கிய மருத்துவமனை இவ்வளவு சீக்கிரம் வாங்கி வைத்தது சாதாரண விஷயம் இல்லை. ஆசியாவின் முதல் கோபால்ட் கருவி அதுதான் என்று நிறுவனத்தின் வரலாறு பதிவு செய்திருக்கிறது.

இந்தக் கருவியின் தத்துவம் எளிது. ஈயக் கவசத்துக்குள் கதிரியக்கக் கோபால்ட் இருக்கும். ஷட்டரைத் திறந்தால் காமா கதிர்கள் ஒரே திசையில் வெளியே வரும். மார்பகத்துக்கு நேராக அடித்தால் நுரையீரலும் இதயமும் அடிவாங்கும் என்பதால், இரண்டு பக்கத்திலிருந்தும் மார்பைத் தழுவிக்கொண்டு போகிற மாதிரி சாய்வாகக் கதிர் கொடுப்பார்கள். சாய்வாகக் கொடுக்கும் இந்த முறை இன்றும் மாறவில்லை.

குறைகளும் இருந்தன. கோபால்ட் கதிர் தோலுக்கு அரை சென்டிமீட்டர் கீழேயே உச்ச வீரியத்தை அடைவதால் தோல் அதிகம் கறுக்கும், உரியும். கோபால்ட்டின் வீரியம் 5.27 ஆண்டுகளில் பாதியாகும். அதாவது, புதிதாக வந்தபோது ஒருவருக்கு 3 நிமிடம் பிடித்த அதே சிகிச்சைக்கு, ஐந்து ஆண்டு கழித்து 6 நிமிடம் ஆகும். வெளியே வரிசை நீளும்.

முத்துலட்சுமி 1956-ல் பத்மபூஷண் பெற்றார். 1968 ஜூலை 22 அன்று இறந்தார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் இருந்தது.

அவருக்குப் பிறகு மாறியது என்ன?

அவர் இருந்த காலத்தில் மார்பகப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் கொடுத்தது பெரும்பாலும் மார்பை முழுதாக எடுத்த பிறகுதான். 1976-ல் அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷர் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கினார். கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தவர்களும், மார்பை முழுதாக எடுத்தவர்களும் ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள் என்று அது காட்டியது. கட்டியை மட்டும் எடுத்து ரேடியேஷனை விட்டுவிட்டவர்களில், 20 ஆண்டில் சுமார் 39 சதவீதம் பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பியது. ரேடியேஷன் எடுத்தவர்களில் 14 சதவீதம்தான். கெய்ன்ஸைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு இதுதான் பதில்.

ஆனால் இதில் ஒரு சிக்கல். வழக்கமான அளவு 25 தவணை. வாரம் ஐந்து நாள் வீதம் ஐந்து வாரம். தினமும் மேசையில் படுத்திருப்பது பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்காக புதுக்கோட்டைப் பக்கத்து கிராமத்திலிருந்து ஒரு பெண் 400 கிலோமீட்டர் தள்ளி சென்னையில் ஐந்து வாரம் தங்க வேண்டும். கூட ஒரு ஆள் வேண்டும், அவருடைய கூலி போகும், வீட்டில் குழந்தைகளை யார் பார்ப்பது? அதனால் மார்பைக் காப்பாற்ற முடியும் என்று தெரிந்தும் முழுதாக எடுத்துவிடுங்கள் என்று சொன்ன பெண்கள் உண்டு. பாதித் தவணையில் நிறுத்தியவர்களும் உண்டு.

இந்தத் தவணையைத்தான் ஆய்வாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். ஒரு நாளைக்குக் கொடுக்கும் அளவை சற்றுக் கூட்டி, 15 தவணையில், மூன்றே வாரத்தில் முடித்தாலும் பலன் குறையவில்லை என்று பிரிட்டனின் ஸ்டார்ட் ஆய்வுகள் காட்டின. பிறகு, 4,096 பேரிடம் நடந்த ஃபாஸ்ட்-ஃபார்வர்டு ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. ஐந்தே தவணை, ஒரே வாரம். ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது, நோய் திரும்புவதில் மூன்று வாரச் சிகிச்சையைவிட மோசமாக இல்லை. கொரோனா காலம் என்பதால் உலகம் முழுக்க டாக்டர்கள் இதைச் சட்டென்று கையில் எடுத்துக்கொண்டார்கள்.

எல்லோருக்கும் ஐந்து நாள் போதுமா? இல்லை. கட்டியின் அளவு, அக்குள் நெறிகளில் நோய் பரவியிருக்கிறதா, வயது, செய்த ஆபரேஷன் என எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நெறிகளுக்கும் கதிர் தேவைப்பட்டால் பல இடங்களில் 15 தவணையே கொடுக்கிறார்கள். கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கூடுதலாகச் சில தவணை ‘பூஸ்ட்’ கொடுப்பதும் உண்டு. சிறிய, வீரியம் குறைந்த கட்டி என்றால் மார்பின் ஒரு பகுதிக்கு மட்டும் கதிர் போதும். கட்டியை எடுத்த குழிக்குள் மெல்லிய குழாய்கள் வைத்து உள்ளிருந்தே கதிர் கொடுக்கும் பிராக்கிதெரபி அதில் ஒரு வழி. கெய்ன்ஸின் ரேடியம் ஊசிக்குப் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். வயதானவர்கள் சிலருக்கு, ஹார்மோன் மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டால் ரேடியேஷனே தேவைப்படாமல் போகலாம். மார்பை முழுதாக எடுத்தவர்களுக்கு ரேடியேஷன் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. கட்டி பெரிதாகவோ நான்கு அல்லது அதற்கு மேல் நெறிகளில் நோயோ இருந்தால் அவர்களுக்கும் தேவை.

கருவியும் மாறிவிட்டது. கோபால்ட் இடத்தில் இன்று லீனியர் ஆக்சிலரேட்டர். மின்சாரத்தில் எக்ஸ்-ரே உருவாக்குவதால், நிறுத்தினால் கதிர் நின்றுவிடும். வீரியம் பாதியாகும் பிரச்சினையும் இல்லை. முதலில் சிடி ஸ்கேன் எடுத்து, எந்தக் கோணத்தில் எவ்வளவு என்று கம்ப்யூட்டரில் திட்டம் போடுவார்கள். உடம்பில் சின்னச் சின்னப் புள்ளியாகப் பச்சை குத்துவது தினமும் அதே இடத்தில் படுக்க வைப்பதற்காக. இடது மார்பு என்றால் மூச்சை ஆழமாக இழுத்து அடக்கச் சொல்வார்கள். நுரையீரல் விரிந்து இதயம் கதிரை விட்டுக் கொஞ்சம் தள்ளிப்போகும். சோர்வு வரும், அந்த இடத்துத் தோல் கறுக்கும். தலைமுடி கொட்டுவது கீமோவால்தான், மார்புக்குக் கொடுக்கும் ரேடியேஷனால் இல்லை. வெளியிலிருந்து கதிர் வைத்துக்கொண்டவர் வீட்டுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். அவர் உடம்பிலிருந்து யார்மேலும் கதிர் வீசாது.

இந்த லீனியர் ஆக்சிலரேட்டர்கள் இப்போது திருச்சியிலேயே இருக்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் ரேடியேஷன் வருகிறது. பொன்மலைக்காரர் ஒருவர் டவுன் பஸ்ஸில் போய், பத்து நிமிஷம் படுத்து எழுந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். டாக்டரிடம் போகும்போது மூன்று விஷயம் கேட்டுக்கொண்டு வாருங்கள்: மார்பை எடுக்காமல் முடியுமா, ரேடியேஷன் தேவையா, தேவை என்றால் 25-ஆ, 15-ஆ, 5-ஆ? ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்பது நல்லது. வெட்டி எடுத்த பிறகு முதல் கேள்விக்கு வேலை இல்லை.